கப்பல் எண் கிடைத்தால் ஊர் கிடைக்கும்: வாசகர் கேள்வி பதில்

1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளை இங்கே ஏற்றிவந்த முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்ந்தது. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் பூர்வீகம் பற்றியும் குடும்ப ஒன்றுகூடல் பற்றியும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி. ட்ரூரோ கப்பலில் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். வேறு எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, ஃபீனிக்ஸ்

முதலில் ட்ரூரோவை ஓரமாக வையுங்கள் அம்மா. அதில் வந்தவர்கள் 342 பேர். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோ 1,52,184 பேர். அதாவது ஆயிரம் பேரில் இரண்டு பேர்தான் ட்ரூரோக்காரர்கள். முதல் கப்பல் என்பதால் அதன் பெயர் மட்டும் வாய்வழியாக நிலைத்து, பல வீடுகளில் எந்தக் கப்பலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. உங்களுக்கு இப்போது ஐம்பது வயது என்று வைத்துக்கொண்டு, தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று பின்னால் போனால், கொள்ளுத்தாத்தா பிறந்ததே 1885-க்கும் 1900-க்கும் இடையில்தான். அவர் சிறுவனாகவோ இளைஞனாகவோ 1911-க்குள் வந்திருக்க வேண்டும், அல்லது அவருடைய அப்பா வந்து இவர் இங்கேயே பிறந்திருக்க வேண்டும். இன்னொரு சல்லடையும் உண்டு: 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. யாராவது '1870-ல் வந்தோம்' என்றால் அந்த ஆண்டு தவறு.

முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்து, வந்தவர்களை எழுதிவைத்த கப்பல் பேரேட்டைத் திறந்தால் திணறிப்போவீர்கள், அத்தனை முனுசாமிகள். தேட வேண்டியது எண்ணை. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். கப்பலுக்குக் கப்பல் ஒன்றிலிருந்து தொடங்காமல் அது ஏறிக்கொண்டே போனது. ஆகவே ஒரு எண் ஒரே ஒரு ஆளைத்தான் குறிக்கும். ஒப்பந்தம் முடிந்து பெற்ற விடுவிப்புச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று அந்த எண் அவர் கூடவே வந்தது.

அதைத் தேடும் வழி இது. முதலில் வீட்டில் மூத்தவர்களின் தகரப் பெட்டி. மடித்து மடித்துக் கிழிந்த பழைய தாள்களில் பெயருக்கு முன்னால் 'நம்பர்' என்று போட்டு ஐந்தாறு இலக்கம் இருந்தால் அதுதான். மூன்று பவுன் வரி கட்டிய சீட்டு இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 1914-ல் ஒழிந்த வரி அது. ஆகவே அந்தச் சீட்டு இருந்தாலே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

பெட்டியில் ஒன்றும் இல்லையென்றால் உள்துறை அலுவலகம். தாத்தா, பாட்டியின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கேட்கும்போது கணினியில் அச்சடித்த சான்று வேண்டாம், பழைய கையெழுத்துப் பதிவின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பெற்றோரின் எண் அந்தக் கையெழுத்துப் பதிவில்தான் இருக்கும். கணினிச் சான்றில் அதற்கு இடமே கிடையாது.

மூன்றாவது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ள இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் இறப்பு அறிவிப்புத் தாள் இருக்கும். இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், துணைவர், பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் கிடைப்பதால் குடும்ப மரத்துக்கு இதைவிட நல்ல தாள் இல்லை. ஆனால் அதை எழுதிக் கொடுத்தது துக்கத்தில் இருந்த மகனோ மருமகனோ. பிள்ளைகளின் பெயரை நம்பலாம். பிறந்த ஊரையும் வயதையும் அப்படியே நம்பக் கூடாது. சொத்து இல்லாதவர்களுக்குக் கோப்பே இல்லாமலும் போகலாம்.

எண் கையில் வந்த பிறகு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தை அணுகுங்கள். கப்பல் பேரேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை இருக்கும். தட்டச்சு செய்த பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கிராமப் பெயரில் ஒரு எழுத்து மாறினால் வேறு தாலுகாவுக்குப் போய் நிற்போம்.

எண் கிடைக்காமல் பெயரால்தான் தேட வேண்டும் என்ற நிலை வந்தால், எழுதிய குமாஸ்தாவின் காதால் யோசியுங்கள். கோவிந்தன் ஆங்கில 'சி'யிலும் இருப்பார், 'ஜி'யிலும் இருப்பார். வீராசாமி 'வி'யிலும் 'டபிள்யூ'விலும், சின்னம்மா 'சி'யிலும் 'எஸ்'ஸிலும். கிடைத்த ஆளோடு தந்தை பெயர், வயது, மனைவி, வேலை செய்த தோட்டம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். பெயரும் வயதும் மட்டும் பொருந்தியதை வைத்து 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று விருந்து வைத்துவிடாதீர்கள்.

'நாங்கள் மெட்ராஸிலிருந்து வந்தவர்கள்' என்றுதான் எங்கள் ஆயா சொல்வார். அப்படியென்றால் சென்னை நகரத்தில் தேடினால் போதுமா?
வாசகர், சாட்ஸ்வொர்த்

போதாது. மெட்ராஸ் என்பது கப்பலேறிய துறைமுகம், மாகாணத்தின் பெயரும் அதுவே. வடஆற்காட்டு உழவரும் மெட்ராஸ்தான், விசாகப்பட்டினத்துத் தெலுங்கரும் மெட்ராஸ்தான்.

பேரேட்டில் உள்ள மாவட்டம் இன்றைய வரைபடத்தில் பல துண்டாகிவிட்டது. வடஆற்காடு என்றிருந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கையும் பாருங்கள். ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் அப்போது அதில்தான் இருந்தது, 1911-ல்தான் தனி மாவட்டமானது. தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு என்றால் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் சேர்த்தி. தஞ்சாவூர் என்றால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. ஆங்கிலேயர் வாயில் காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', வந்தவாசி 'வாண்டிவாஷ்', திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினோபொலி'. பேரேட்டில் உள்ளதை உரக்கப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத ஊர் பல நேரம் காதுக்குப் புரியும்.

ஆயா இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்க வேண்டியது ஊரை அல்ல, கும்பிடும் சாமியை. வீட்டுக்குப் பின்புறம் யாருக்குப் படையல் போட்டார்கள்? முனீஸ்வரனா, மதுரைவீரனா, பச்சையம்மனா, அங்காளம்மனா? கோழி உண்டா, பொங்கல் மட்டுமா? எந்த மாதம்? எந்தத் திசை பார்த்து? வடஆற்காட்டில் படவேடு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஊர்ப் பெயர் மறந்துபோனாலும் படையல் முறை மாறாமல் வந்திருக்கும். தாலுகாவில் ஒரே பெயரில் மூன்று கிராமம் இருக்கும்போது எது நம்முடையது என்று பிரித்துக் காட்டுவது அதுதான். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே பதிவு செய்யுங்கள். தவறாகத் தெரிந்தாலும் குறுக்கே திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த கேள்விக்கு 'எனக்குத் தெரியாதுப்பா' என்றுதான் பதில் வரும்.

நாங்களும் கவுண்டர், பெண் வீட்டாரும் கவுண்டர். ஒரே குடும்பப் பெயர் என்பதால் பங்காளி ஆகிவிடுமா? திருமணப் பேச்சு நிற்கிறது.
வாசகர், வெருலம்

குடும்பப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இங்கே 'கோவெண்டர்' என்று எழுதும் கவுண்டர், 'மூட்லி' என்று எழுதும் முதலியார், நாயுடு, பிள்ளை எல்லாமே பட்டங்கள். ஊர் வேறு, மாவட்டம் வேறு, உறவே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே பட்டம். நேட்டாலில் பதிவு செய்யும்போது புதிதாக ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. மறுபக்கம், ஒரே தாத்தாவின் இரண்டு மகன்களில் ஒருவர் பட்டத்தையும், மற்றவர் அப்பா பெயரான பெருமாளையும் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டதால், உண்மையான பங்காளிகளே வேறு வேறு பெயரில் திரிவார்கள்.

இரு வீட்டாரும் முதலில் வந்தவரின் எண், தந்தை பெயர், கிராமம், குலதெய்வம் நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமமும் குலதெய்வமும் இரண்டுமே ஒன்றானால் மட்டும் மேலே விசாரியுங்கள். இல்லையென்றால் பேச்சைத் தொடரலாம்.

அடுத்த ஆண்டு முதல் முறையாக ஒன்றுகூடல் நடத்தப் போகிறோம். பெரியவர்கள் 90, பிள்ளைகள் 30. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் வருகிறார்கள். எந்த நாள் வைப்பது? சமையல், பணம் எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.
வாசகி, டோங்காட்

நாள்தான் முதல் சண்டை. செப்டம்பர் 24 மரபு தினம், பெயரும் பொருத்தம், விடுமுறையும் உண்டு. ஆனால் அது புரட்டாசியில் விழும். நம்மவர் பாதிப்பேர் அந்த மாதம் கவிச்சி தொட மாட்டார்கள். சைவ விருந்து என்று முதலிலேயே அறிவிக்க முடிந்தால் அந்த நாளை எடுங்கள். நவம்பர் 16-ஐ ஒட்டி வைத்தால் கந்த சஷ்டி விரதம் குறுக்கிடுகிறதா என்று பஞ்சாங்கம் பாருங்கள். எங்கள் பரிந்துரை ஈஸ்டர் ஞாயிறு. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதிக்கோ எப்படியும் வெளியூர்ச் சொந்தம் வரும். திங்கள்கிழமை குடும்ப தினம், அதுவும் அரசு விடுமுறை. டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் இடையே 570 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறவருக்குத் திரும்பிப் போக அந்த ஒரு நாள் வேண்டும். மண்டபத்தை மட்டும் எட்டு மாதம் முன்னால் பிடித்துவிடுங்கள்.

பணத்தில், 'வீட்டுக்கு இவ்வளவு' என்று போட்டால் இரண்டு பேர் உள்ள வீடு எட்டுப் பேர் உள்ள வீட்டுக்காகக் கட்டும். முதலாண்டு பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் ஆண்டு வர மாட்டார்கள். சம்பாதிக்கிற ஆளுக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர், மாணவர், வேலையில்லாதவர் கட்ட வேண்டாம். கடைசித் தேதி நிகழ்ச்சிக்கு 60 நாள் முன்பு. மதிப்பீட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்தே பிரியுங்கள். பணம் எடுக்க இரண்டு வெவ்வேறு கிளையைச் சேர்ந்த இருவர் கையெழுத்து வேண்டும். முடிந்த இரண்டு வாரத்துக்குள் ரசீதோடு கணக்கை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். ஒன்றுகூடல்கள் மூன்றாம் ஆண்டில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம் குறைந்தது அல்ல, கணக்கு வராதது. இன்னொரு காரணம், ஒரே அக்கா ஒவ்வொரு ஆண்டும் எல்லாப் பாரத்தையும் சுமப்பது. மூத்த தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து கிளை, ஆண்டுக்கு ஒரு கிளை பொறுப்பு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

கிளை என்னும்போது மகள்களின் வழியையும் சேர்த்துத்தான். 'கட்டிக்கொடுத்த பெண், வேறு வீடு' என்று விட்டால் குடும்பத்தில் பாதியை இழப்பீர்கள். பழைய படங்களும் பாட்டுகளும் படையல் முறையும் பெண்கள் கையில்தான் தங்கியிருக்கும். கப்பலில் வந்த பெண்ணுக்கும் தனி எண், தனித் தந்தை பெயர், தனி ஊர் உண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விதியின்படி ஆள் ஏற்றினார்கள். தனியாக வந்த பெண்கள் பலர், இங்கே தோட்டத்தில் வந்துதான் மணம் முடித்தார்கள். ஆகவே ஆயாவின் ஊர் தாத்தாவின் ஊராக இருக்க வேண்டியதில்லை. குடும்ப மரத்தின் உச்சியில் இரண்டு பேரையும் இரண்டு எண்ணோடும் எழுதுங்கள்.

சமையல். பிள்ளைகளை அரை ஆளாக வைத்தால் 105 பங்கு. டர்பன் முறையில் மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட ஆட்டிறைச்சிப் பிரியாணிக்கு அரிசி 11 கிலோ, எலும்போடு இறைச்சி 21 கிலோ, முழு மசூர் 2 கிலோ, உருளைக்கிழங்கு 6 கிலோ, தயிர் 3 லிட்டர், எண்ணெயும் நெய்யும் சேர்த்து 2 லிட்டர். சைவக்காரர் 20 பேர் இருந்தால் இறைச்சியை நாலு கிலோ குறைத்து, சைவத்துக்குத் தனி தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்), தனிக் கரண்டி வையுங்கள். 11 கிலோ அரிசியை ஒரே தேக்சாவில் போடாதீர்கள். அடி கருகும், மேல் அரிசி வேகாது. இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 6 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மசூரைத் தனியாக, உடைந்துவிடாமல் முக்கால் பதத்தில் வடித்தெடுங்கள். குழைந்த மசூர் அரிசியைக் களியாக்கிவிடும். அரிசியும் முக்கால் பதம்தான். அடுக்கி மூடி, மூடிமேல் தணல் போட்டு 45 நிமிடம். இறக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் மாலை வரை வைத்திருந்து கொடுத்தனுப்பும் பிரியாணியால்தான் மறுநாள் வயிற்றுக் கோளாறு வருகிறது. மிச்சத்தை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். குழாயில் தண்ணீர் நிற்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது. 25 லிட்டர் பீப்பாயில் பத்து முந்தின நாளே நிரப்பி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பெயர் மேசைக்கு ஒதுக்குங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் எழுத மாட்டார்கள். கிளைக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் பெயர்ச் சீட்டு. பெயருக்குக் கீழே 'இன்னாருடைய பேத்தி' என்று இருக்கட்டும். சுவரில் மரத்தை ஒட்டி, பக்கத்தில் பென்சில் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், திருத்தம் நிறைய வரும். பழைய படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தி போதும். படத்தில் இருப்பவர் பெயரை மூத்தவர் சொல்லச் சொல்ல இடமிருந்து வலமாக அப்போதே எழுதிவிட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் அக்கா மகளைக் கட்டியவர்கள் மூன்று பேர். மரம் வரைந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருகிறார். எப்படி எழுதுவது?
வாசகர், ஸ்டாங்கர்

வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த கணினி மென்பொருளில் இது சிக்கும், நம் குடும்பங்களில் இது சகஜம். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். மூத்தவர் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரப்பிள்ளைகள் 1.1.1, 1.1.2 என்று பிறந்த வரிசையில். அக்கா 1.1, தம்பி 1.4, அக்கா மகள் 1.1.2 என்றால் தம்பியின் எதிரே 'மனைவி: 1.1.2-ஐப் பார்க்க' என்று மட்டும் போடுங்கள். அவரை மறுபடி வரைய வேண்டாம். பிள்ளைகளை ஒரே பக்கத்தில், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ, தொடர்ந்து எண்ணுங்கள். எந்தப் பக்கம் என்று மரத்தின் அடியில் எழுதி வைத்துவிட்டால் போதும். இறந்துபோன கைக்குழந்தைக்கும் எண் கொடுங்கள். விட்டுவிட்டால் பின்னால் பிறப்புப் பதிவு கிடைக்கும்போது வரிசை முழுவதும் கலைந்துவிடும்.

கப்பல் பேரேட்டில் சாதி என்ற இடத்தில் இருப்பது நாங்கள் இதுவரை சொல்லிவந்ததோடு பொருந்தவில்லை. ஒன்றுகூடலில் வெளியிடலாமா?
பெயர் வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த இடத்தில் குமாஸ்தா எழுதியது பல நேரம் சாதியே அல்ல. தமிழர் என்பதற்கு 'மலபார்', தெலுங்கருக்கு 'ஜென்டூ', சிலருக்குக் 'கிறிஸ்தவர்'. ஆள் பிடித்தவர் சொன்னதை எழுதியதும் உண்டு, ஆளே மாற்றிச் சொன்னதும் உண்டு. அதை ஊர் தேட ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் மரத்தில் அது தேவையே இல்லை. எண், பெயர், தந்தை, ஊர் போதும். ஆனால் மூலப் பக்கத்தில் அதை வெட்டியோ மறைத்தோ நகல் எடுக்காதீர்கள். முழு நகலைக் கோப்பில் வையுங்கள், கேட்கிற குடும்பத்தாருக்குக் காட்டுங்கள். நூறு ஆண்டுக்கு முன் ஒரே தோட்ட வரிசை வீட்டில் ஒரே அடுப்பில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்த ஒரு சொல்லுக்காக யாரும் தலைகுனிய வேண்டாம், யாரையும் குனிய வைக்கவும் வேண்டாம்.

மரபணுச் சோதனை ஊரைக் காட்டுமா?
வாசகர், லெனேசியா

காட்டாது. தென்னிந்தியா என்று சொல்லும், அது தெரிந்ததுதான். ஏற்கெனவே சோதித்த தூரத்துச் சொந்தத்தோடு இணைத்துக் காட்டுவதுதான் அதன் பயன். செய்வதாக இருந்தால் வீட்டில் உயிரோடு இருப்பவர்களில் மிக மூத்தவரின் உமிழ்நீரைக் கொடுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும் பொருள் அது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊரில் சொந்தம் தேடி எழுதியிருக்கிறது. அவர்கள் சொல்லும் பெயர் எங்கள் பூட்டன் பெயரோடு ஒத்துப்போகிறது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
வாசகர், போளூர், திருவண்ணாமலை மாவட்டம்

அவர்களிடம் கப்பல் பேரேட்டுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள் ஐயா. அதில் தந்தை பெயர் என்ன, கிராமம் என்ன என்று பாருங்கள். உங்கள் பக்கம் பழைய பத்திரங்கள், தாலுகா அலுவலகத்தில் உள்ள பழைய நிலவரித் திட்டப் பதிவேடு ஆகியவற்றில் அந்தத் தந்தை பெயர் வருகிறதா என்று பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் நீடித்திருந்தால் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். அது நல்ல சாட்சி. 'அக்கரைக்குப் போனவன் திரும்பவில்லை' என்ற பேச்சு யார் வீட்டில் இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கேட்கும்போது அவர்கள் சொன்ன பெயரை நீங்களே முதலில் எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் 'ஆமாம், ஆமாம்' என்றுதான் பதில் வரும்.

இங்கிருந்து போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஊரில் சொந்தங்கள் பேசத் தயங்கினால் அன்பில்லை என்று நினைக்காதீர்கள். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற பயம்தான் அது. போய் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்: 'எங்களுக்குச் சொத்து எதுவும் வேண்டாம், குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட்டுப் போக வந்தோம்.'